மெஷினுக்கு முன் கேப்சூலைப் பாருங்கள்: வாசகர் கேள்வி – பதில்

காபிப் பொடி அடைத்த சின்னக் கேப்சூலைப் போட்டு ஒரு கப் காபி இறக்கும் மெஷினைப் பற்றி, பாட் மெஷின், கேப்சூல் மெஷின் என்று இரண்டு பெயரிலும் வாசகர்கள் நிறைய எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான். எனக்கு விடிகாலை ஐந்து மணிக்குக் காபி வேண்டும், அவருக்கு ஏழு மணிக்கு. மாலையிலும் இப்படித்தான். பாட் மெஷின் வாங்கலாமா? வாங்கினால் எதை வாங்குவது?
– வாசகி, அண்ணா நகர், சென்னை

வாங்கலாம். ஆளுக்கொரு நேரத்தில் ஒரே ஒரு கப் தேவைப்படும் வீட்டுக்குத்தான் இந்த மெஷின் பொருந்தும். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கை நீட்டும் வீட்டுக்கு இது சரிப்படாது.

கடையில் போய் மெஷினின் நிறத்தையும் பொத்தான்களையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்களுக்கு எந்த வகைக் கேப்சூல் தடங்கலில்லாமல், ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களிடமிருந்து கிடைக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். மெஷினை வாங்குவது ஒருமுறை. கேப்சூலை மாதாமாதம் வாங்கியாக வேண்டும். ஒரு வகைக் கேப்சூல் இன்னொரு வகை மெஷினுக்குள் நுழையவே நுழையாது. கேப்சூல் கிடைக்காத மெஷின் அடுப்படி மேடையில் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

நெஸ்பிரெஸ்ஸோ ஒரிஜினல் வகைதான் உங்களுக்கு எங்கள் பரிந்துரை. 1986-ல் சந்தைக்கு வந்த பழைய வடிவம் இது. சின்னக் கேப்சூலுக்குள் 5 முதல் 6 கிராம் பொடி இருக்கும். இதன் முக்கியமான காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டதால், யார் வேண்டுமானாலும் இதற்குப் பொருந்தும் கேப்சூல் தயாரிக்கலாம். இந்தியாவிலேயே காஃபீஸா, போன்ஹோமியா போன்ற நிறுவனங்கள் தயாரிக்கின்றன. ஒருவர் கைவிட்டாலும் இன்னொருவரிடம் வாங்கிக்கொள்ளலாம்.

அதே நிறுவனத்தின் வெர்ச்சுவோ 2014-ல் வந்தது. அது அழுத்தத்தால் காபி இறக்குவதில்லை. கேப்சூலை நிமிடத்துக்கு 7,000 சுற்று வரை சுழற்றி இறக்குகிறது. கேப்சூலின் விளிம்பில் உள்ள பார்கோடைப் படித்துத் தண்ணீர் அளவை மெஷினே முடிவு செய்யும். பெரிய கப்பில் பால் சேர்க்காமல் குடிப்பவர்களுக்கு நல்ல மெஷின்தான். ஆனால் கேப்சூலுக்குப் பெரும்பாலும் ஒரே வாசலில்தான் நிற்க வேண்டும். டோல்சே கஸ்டோ என்ற இன்னொரு வகையில் பால்பொடி அடைத்த கேப்சூலும் உண்டு. ஒரு கப் கப்புச்சினோவுக்கு இரண்டு கேப்சூல் செலவாகும். பசும்பால் காபிக்குப் பழகிய நாக்குக்கு அந்தப் பால்பொடி ருசி ஒத்துவராது என்பது எங்கள் அபிப்பிராயம்.

பெட்டியில் 19 பார், 15 பார் என்று போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது பம்ப்பின் உச்ச அழுத்தத் திறன். 19 இருப்பதால் காபி கூடுதலாக ருசிக்காது. அதைவிட, வீட்டு டம்ளரின் உயரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். சொட்டுத் தட்டை மடக்கவோ கழற்றவோ முடிந்தால்தான் நம் டம்ளர் குழாயடியில் நிற்கும். மேலே அலமாரி இருக்கிறதா என்றும் பாருங்கள். லீவரைத் தூக்கவும், பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியை உருவவும் இடம் வேண்டும்.

கேள்வி: மெஷின் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. பால் சேர்த்தால் காபி என்று சொல்லவே முடியவில்லை, வெறும் பால் மாதிரி இருக்கிறது. சூடும் போதவில்லை. மெஷினில் கோளாறா?
– வாசகர், மயிலாடுதுறை

மெஷினில் கோளாறு இல்லை, அளவில்தான் தவறு. ஃபில்டரில் இரண்டு டம்ளர் காபிக்கு மூன்று மேசைக்கரண்டி குவித்துப் போடுகிறோம். ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் பொடி வந்துவிடும். அதோடு சிக்கரி வேறு சேர்ந்து நிறத்தையும் கனத்தையும் கூட்டும். கேப்சூலில் இருப்பது ஐந்தரை கிராம் அளவுக்குத் தனிக் காபிப் பொடி, சிக்கரி கிடையாது. அதை 150 மில்லி டம்ளர் நிறையப் பாலில் ஊற்றினால் வெளுத்துத்தான் போகும்.

இப்படிச் செய்து பாருங்கள். எஸ்பிரெஸ்ஸோ பொத்தானை அழுத்தினால் 40 மில்லி இறங்கும். அதற்குப் பால் 60 முதல் 70 மில்லி மட்டும். மொத்தம் 110 மில்லியைத் தாண்ட வேண்டாம். இன்னும் திடமாக வேண்டுமென்றால் ரிஸ்ட்ரெட்டோ அளவில், அதாவது 25 மில்லியில், இரண்டு கேப்சூல் இறக்குங்கள். 50 மில்லி டிகாக்‌ஷன் கிடைக்கும். 100 மில்லி பாலைத் தாங்கும். செலவு இரட்டிப்பாகும் என்பது உண்மைதான், ஆனால் பெரிய டம்ளரில்தான் குடிப்பேன் என்பவருக்கு வேறு வழியில்லை.

பெரும்பாலோர் செய்யும் தவறு, டம்ளர் நிறைய வேண்டும் என்று அதே கேப்சூலில் லுங்கோ பொத்தானை அழுத்தி 110 மில்லி இறக்குவது. முதல் 40 மில்லியிலேயே நல்ல சாரமெல்லாம் இறங்கிவிடும். அதற்குப் பிறகு வருவது கசப்பும் துவர்ப்பும் கலந்த தண்ணீர். லுங்கோவுக்கென்று தனியாகப் பொடி அரைத்து அடைத்த கேப்சூல் இருக்கிறது. அதற்கு மட்டும்தான் அந்தப் பொத்தான். பால் சேர்க்காத காபி நிறைய வேண்டுமென்றால் 40 மில்லி இறக்கிவிட்டு, மேலே வெந்நீர் ஊற்றிக்கொள்ளுங்கள். கசக்காது.

பொத்தானின் அளவை நீங்களே மாற்றவும் முடியும். பெரும்பாலான ஒரிஜினல் வகை மெஷின்களில், கேப்சூல் போட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்து, வேண்டிய அளவு இறங்கியதும் கையை எடுத்தால் அந்த அளவு பதிவாகிவிடும். வீட்டில் வேறு யாராவது தெரியாமல் அழுத்திப் பிடித்து அளவை மாற்றியிருக்கவும் கூடும். மில்லி குறித்த அளவுக் குவளையில் ஒருமுறை இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

சூட்டைப் பற்றிச் சொன்னீர்கள். நுரையடிக்கும் கருவியில் பாலைச் சூடாக்கினால் அது 60, 65 டிகிரியில் நின்றுவிடும். அதற்கு மேல் போனால் நுரை நிற்காது என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். பொங்கிய பாலில் கலந்து குடித்துப் பழகிய நமக்கு அது ஆறிப்போன காபிதான். பாலைச் சிறிய பாத்திரத்தில் அடுப்பில் பொங்க விட்டு, உடனே டிகாக்‌ஷனில் ஊற்றுங்கள். காபி இறக்குவதற்கு முன் கேப்சூல் போடாமல் ஒருமுறை வெறும் வெந்நீரை டம்ளரில் இறக்கிக் கொட்டினால் டம்ளரும் குழாயும் சூடாகிவிடும். சர்க்கரையை முதலில் டம்ளரில் போட்டு அதன் மேல் டிகாக்‌ஷன் இறக்கினால் கரண்டி போட்டுக் கலக்கவே வேண்டாம். பாலில் ஆவின் பச்சை பாக்கெட் போதும், கொழுப்பு 4.5 சதவீதம். 3 சதவீதம் கொழுப்புள்ள நீலத்தில் காபி கொஞ்சம் தண்ணியாகத் தெரியும்.

பாலைத் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். எந்த மெஷினிலும் கூடாது. பம்ப்பிலும் வெந்நீர்க் குழாயிலும் பால் தீய்ந்து அடைத்துக்கொண்டால் மெஷின் அத்தோடு சரி.

கேள்வி: மாதச் செலவு எவ்வளவு ஆகும்?
– வாசகர், சேலம்

கேப்சூல் ஒன்று 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருவர், ஆளுக்கு இரண்டு வேளை என்றால் நாளொன்றுக்கு 160 ரூபாய், மாதத்துக்கு 4,800 ரூபாய். இதையே கிலோக் கணக்கில் பாருங்கள்: ஐந்தரை கிராம் 40 ரூபாய் என்றால் ஒரு கிலோ பொடி 7,270 ரூபாய்! கிலோ 800 ரூபாய்க்கு வாங்கும் பொடியில் 12 கிராம் போட்டாலும் டம்ளருக்குப் பத்து ரூபாய் ஆகாது. கேப்சூலில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி வசதிக்குத்தான் போகிறது. அதனால் காலைக் காபிக்கு ஃபில்டர், நடுவில் வரும் ஒற்றைக் கப்புக்கு மெஷின் என்று பிரித்துக்கொள்வதுதான் கட்டுப்படியாகும். தள்ளுபடி என்று நூறு கேப்சூலை மொத்தமாக வாங்கும் முன் பத்து வாங்கிக் குடித்துப் பாருங்கள்.

கேள்வி: திரும்ப நிரப்பும் ஸ்டீல் கேப்சூல் வாங்கினேன். எங்கள் கடைப் பொடியை (சிக்கரி 30 சதவீதம்) போட்டால் சொட்டுச் சொட்டாக இறங்கி நின்றுவிடுகிறது. மெஷின் உறுமுகிறது.
– வாசகர், கும்பகோணம்

உடனே நிறுத்துங்கள். சிக்கரிதான் காரணம். வறுத்த காபியில் நீரில் கரையக்கூடியது சுமார் 30 சதவீதம்தான். சிக்கரியில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். கரைந்து, மீதி பிசுபிசுவென்று உப்பி, கேப்சூலின் நுண்ணிய துளைகளை அடைத்துக்கொள்கிறது. ஃபில்டரில் தண்ணீர் தன் எடையால் மெல்ல இறங்குவதால் அங்கே இது குணமாக அமைகிறது, டிகாக்‌ஷன் கனமாக வருகிறது. அழுத்தத்தில் தள்ளும் மெஷினில் அதுவே அடைப்பு.

சிக்கரி கலக்காத பொடியாக வாங்குங்கள். பீபரி, பிளான்டேஷன் ஏ என்ற இரண்டு கொட்டை வகைகளையும் கலந்து, நடுத்தர வறுவலில் கேளுங்கள். நுரை வேண்டுமென்றால் ரோபஸ்டா 20 சதவீதம் சேர்க்கச் சொல்லலாம். அரைப்பு, தூள் உப்பைவிடச் சற்று நைஸாக இருக்க வேண்டும். ஃபில்டருக்கு அரைக்கும் அரைப்பு பெரும்பாலும் இதைவிடக் கொஞ்சம் பருமன்.

நிறுவையில் 5 கிராம் வைத்து நிரப்புங்கள். மேலே இரண்டு மில்லிமீட்டர் இடம் விட்டு, பொடியை லேசாக அமுக்கி மட்டப்படுத்துங்கள். விளிம்பில் ஒரு துகள்கூட இல்லாமல் விரலால் துடைத்துவிட்டு மூடுங்கள்; விளிம்பில் பொடி இருந்தால் மூடி சரியாகப் படியாது, தண்ணீர் பக்கவாட்டில் கசியும். பிறகு நேரத்தைக் கவனியுங்கள். 40 மில்லி இறங்க 20 முதல் 30 விநாடி ஆனால் எல்லாம் சரி. பத்தே விநாடியில் கொட்டி, வெளிறித் தெரிந்தால் அரைப்பு பருமன், அல்லது பொடி குறைவு. 45 விநாடி தாண்டியும் சொட்டிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு, அடுத்த முறை அமுக்குவதைக் குறையுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அரைப்பைப் பருமனாக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது லீவரைத் திறக்கவே கூடாது, வெந்நீர் பீய்ச்சும். நிறுத்திய பிறகும் ஒரு நிமிடம் பொறுத்துத்தான் திறக்க வேண்டும்.

ஆலையில் அடைத்த கேப்சூலின் வாசனையும் நுரையும் இதில் வராது. காற்றைப் போக்கி அடைத்த பொடி அது. ஆனால் உங்கள் ஊர்ப் பொடியின் ருசி வரும், செலவும் பல மடங்கு குறையும். உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால், வேறு கேப்சூல் போட்டதால் வரும் பழுதுக்கு உத்தரவாதம் உண்டா என்று அட்டையைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மகள் கியூரிக் மெஷின் கொண்டுவந்திருக்கிறாள். பிளக் மாற்றிப் போட்டுப் பயன்படுத்தலாமா?
– வாசகி, திருச்சி

தயவுசெய்து நேரடியாகப் போடாதீர்கள். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டில் 230 வோல்ட். ஹீட்டர் இழுக்கும் மின்திறன் (வாட்) கிட்டத்தட்ட 3.7 மடங்காகிவிடும், போட்ட நொடியில் கருகும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வைக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். 1,500 வாட் மெஷினுக்கு 2,000 விஏ டிரான்ஸ்பார்மர் வேண்டும். அது கனமான இரும்புப் பெட்டி, விலையும் அதிகம். அதை வைத்தாலும் மின் அலைவெண் 60-லிருந்து 50 ஆவதை டிரான்ஸ்பார்மரால் மாற்ற முடியாது. அந்த அலைவெண்ணை நம்பி ஓடும் பாகங்கள் சுணங்கும். இத்தனையும் செய்த பிறகு அந்த மெஷினுக்கான கே-கப் கேப்சூலுக்கு எங்கே போவீர்கள்? அமெரிக்காவிலேயே யாருக்காவது கொடுத்துவிடச் சொல்வதுதான் நல்லது.

சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து, ஐரோப்பாவிலிருந்து வரும் மெஷினுக்கு இந்தச் சிக்கல் இல்லை, வோல்ட்டேஜ் பொருந்தும். ஆனால் ஐரோப்பிய உருண்டைப் பிளக் நம் இரண்டு ஓட்டை சாக்கெட்டில் நுழைந்துவிடும், எர்த் சேராது. தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்த சாதனத்தில் அது ஆபத்து. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்துடன் கூடிய மூன்று முள் பிளக் மாட்டி, 16 ஆம்பியர் சாக்கெட்டில் போடுங்கள்.

கேள்வி: இங்கே எல்லார் வீட்டிலும் கியூரிக்தான். கே-கப் காபி எவ்வளவு போட்டாலும் தண்ணியாகவே இருக்கிறது. சில நாள் கப்பின் அடியில் பொடியும் தங்குகிறது.
– வாசகர், டொராண்டோ, கனடா

கே-கப்பில் 9 முதல் 12 கிராம் வரை பொடி இருக்கிறது. நெஸ்பிரெஸ்ஸோ கேப்சூலைவிட அதிகம். ஆனால் அது எஸ்பிரெஸ்ஸோ இல்லை. அதிக அழுத்தமில்லாமல் வெந்நீர் காகித வடிகட்டி வழியாக ஓடி வருகிறது. கப் அளவு 8 அவுன்ஸ் என்றால் 237 மில்லி தண்ணீர். அதில் பால் விட்டால் தண்ணியாகத்தான் இருக்கும். உங்கள் மெஷினில் உள்ள மிகச் சிறிய அளவையே எப்போதும் அழுத்துங்கள்: பல மாதிரிகளில் 6 அவுன்ஸ், சிலவற்றில் 4. ‘ஸ்ட்ராங்’ பொத்தான் இருந்தால் அதையும் சேர்த்து அழுத்துங்கள், தண்ணீர் மெதுவாக ஓடும். டார்க் ரோஸ்ட் வாங்குங்கள். 4 அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 120 மில்லிக்கு, கொதிக்கும் பால் 50 மில்லி விட்டால் குடிக்கலாம். டிகிரி காபியை இந்த மெஷினில் எதிர்பார்க்காதீர்கள்.

பொடி தங்குவதற்குக் காரணம் ஊசி. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஊசி கேப்சூலைக் குத்துகின்றன. அவற்றில் பொடி அடைந்தால் தண்ணீர் சரியாகப் போகாமல் காகிதத்தை மீறிப் பொடி வந்துவிடும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பால் இரண்டின் துளைகளையும் மெல்லக் குத்தி எடுத்து, பிறகு கேப்சூல் போடாமல் இரண்டு முறை வெந்நீர் ஓட்டுங்கள். ஊசி கூர்மையானது, விரலைக் கவனம்.

கேள்வி: எங்கள் வீட்டில் போர் தண்ணீர். ஆர்ஓ தண்ணீரையே ஊற்றுகிறோம். அப்படியிருந்தும் உப்பு நீக்க வேண்டுமா? கோவையில் அக்கா வீட்டில் ஒருமுறைகூடச் செய்ததில்லையாம்.
– வாசகி, வேளச்சேரி, சென்னை

அக்கா வீட்டில் சிறுவாணி வருகிறதென்றால் அவர் கொடுத்துவைத்தவர், அது மென்னீர். அவரும் ஒருமுறைகூடச் செய்யாமல் இருக்கக் கூடாது. உங்களைவிட இடைவெளி அதிகம் விடலாம், அவ்வளவுதான்.

போர் தண்ணீரில் உள்ள கால்சியம் உப்பு சூட்டில் பிரிந்து, வெந்நீர்க் குழாயின் உள்சுவரில் சுண்ணாம்பாகப் படிகிறது. வெந்நீர் பாய்லரில் பார்க்கும் அதே வெள்ளைப் படிவம்தான். காபி சூடு குறையும், மெதுவாக இறங்கும், சத்தம் கூடும். இந்த மூன்றில் ஒன்று தெரிந்தால் படிவு என்று சந்தேகிக்கலாம்.

ஆர்ஓ நல்லதுதான், ஆனால் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) 20, 30 என்று இறங்கியிருந்தால் காபி சப்பென்று இருக்கும். காபிச் சாரத்தை இழுத்து வர தண்ணீரில் கொஞ்சம் தாது உப்பு வேண்டும். லிட்டருக்கு 150 மில்லிகிராம் என்பது காபித் தொழிலில் வைத்திருக்கும் இலக்கு. பேனா போன்ற டிடிஎஸ் மீட்டர் வாங்கி அளந்து, ஆர்ஓ கருவியின் திருகை 80-லிருந்து 150-க்குள் வரும்படி மெக்கானிக்கைக் கொண்டு திருப்பச் சொல்லுங்கள். கேன் தண்ணீருக்கும் இதே சோதனைதான்.

உப்பு நீக்குவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அல்லது 300 கேப்சூலுக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அது. நிறுவனத்தின் திரவம் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காவிட்டால், உத்தரவாதம் முடிந்த மெஷினுக்கு, உணவுத் தர சிட்ரிக் அமிலத்தை (மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேளுங்கள்) லிட்டருக்கு 15 கிராம் வீதம், ஒரு பருக்கைகூட இல்லாமல் கரைத்து ஊற்றலாம். வினிகர் வேண்டாம், ரப்பர் வளையத்தைக் கெடுக்கும், வாடையும் லேசில் போகாது.

கேப்சூலை எடுத்துவிட்டு, தொட்டியில் அரை லிட்டர் கரைசல் ஊற்றி, கீழே அகலமான பாத்திரம் வையுங்கள். கையேட்டில் சொன்னபடி உப்பு நீக்கும் முறைக்கு மெஷினைக் கொண்டுவாருங்கள். பொத்தான் அழுத்தும் வரிசை மாதிரிக்கு மாதிரி மாறும். முழுவதும் ஓடிய பிறகு, இறங்கிய கரைசலையே திரும்பத் தொட்டியில் ஊற்றி இன்னொருமுறை ஓட்டுங்கள். இறங்கிய கரைசலில் வெள்ளைத் துகள் தெரிந்தால் மட்டும் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். கடைசியாக இரண்டு தொட்டி நல்ல தண்ணீர். நாக்கில் புளிப்பு தெரிந்தால் மூன்றாவது தொட்டியும் ஓட்டுங்கள்.

கேள்வி: திடீரென்று தண்ணீரே வரவில்லை. மெஷின் மட்டும் பலமாகச் சத்தம் போடுகிறது.
– வாசகர், மதுரை

தொட்டி காலியானது தெரியாமல் ஓட்டியிருப்பீர்கள். பம்ப்பில் காற்று மாட்டிக்கொண்டது. அணைத்துவிட்டுத் தொட்டியைக் கழற்றி நிரப்புங்கள். அடியில் உள்ள வால்வை விரலால் ஒருமுறை அழுத்திவிட்டு, காற்றுக் குமிழி வெளியேறியதும் தொட்டியை ‘டக்’ என்று உட்கார வையுங்கள். கேப்சூல் போடாமல் லுங்கோ பொத்தானை அழுத்துங்கள். வரவில்லையென்றால் நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி. மூன்றாவது முறைக்குள் பெரும்பாலும் வந்துவிடும். வறண்ட பம்ப்பை ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள், சூடேறிக் கெட்டுவிடும். இதற்கும் மசியவில்லை என்றால் உப்பு நீக்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: சில கேப்சூல் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. சில நேரம் காபி கப்பில் பாதி, தட்டில் பாதி.
– வாசகி, பெங்களூரு

மக்கும் வகைக் கேப்சூலிலும் மெல்லிய பிளாஸ்டிக் கேப்சூலிலும் இது அடிக்கடி நடக்கும். வெந்நீர் பட்டதும் அவை இளகிப் புடைத்துக்கொள்கின்றன. காபி இறங்கி முடிந்ததும் லீவரைத் தூக்கிக் கேப்சூலைத் தள்ளிவிடுங்கள். ஆறும்வரை விட்டுவைத்தால் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். ஏற்கனவே மாட்டியிருந்தால் மெஷினை அணைத்து ஆறவிட்டு, மரக் கரண்டிக் காம்பால் மெல்லத் தள்ளுங்கள். கத்தி, ஸ்குரூ டிரைவர் போடாதீர்கள்.

காபி தட்டுக்குப் போவதென்றால் கேப்சூலின் விளிம்பைப் பாருங்கள். நசுங்கியிருந்தால் அந்தக் கேப்சூலைத் தூக்கிப் போடுங்கள். விளிம்பு நன்றாக இருந்தும் எல்லாக் கேப்சூலிலும் கசிகிறதென்றால் உள்ளே உள்ள ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும், மாற்ற வேண்டும். மக்கும் கேப்சூலை வெளி உறை பிரித்தபின் காற்றுப்புகாத டப்பாவில் போட்டுச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். அலுமினியத்தைப்போல அது காற்றைத் தடுக்காது, நம் ஈரக் காற்றில் வாசனை ஓடிவிடும்.

கேள்வி: கேப்சூல் பெட்டியில் 6, 9, 12 என்று எண் போட்டிருக்கிறார்கள். எண் கூடினால் காஃபீனும் கூடுமா? மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள்.
– வாசகி, நாகர்கோவில்

எண் கூடினால் காஃபீனும் கூடும் என்றில்லை. அந்த எண் வறுவல், கசப்பு, கனம் ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்வது. காஃபீனை முடிவு செய்வது பொடியின் அளவும், ரோபஸ்டா எவ்வளவு கலந்திருக்கிறது என்பதும்தான். அராபிகாவைவிட ரோபஸ்டாவில் காஃபீன் ஏறக்குறைய இரு மடங்கு. சாதாரண எஸ்பிரெஸ்ஸோ கேப்சூலில் சுமார் 60 மில்லிகிராம் என்று கணக்கிடலாம். கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்குள் என்பது மருத்துவ அமைப்புகள் சொல்லும் வரம்பு. அதில் டீ, கோலா, சாக்லேட்டும் சேர்ந்துவிடும். ஒரு கப், மிஞ்சினால் இரண்டு போதும். அவருடைய மருத்துவர் இன்னும் குறைக்கச் சொல்லியிருந்தால் அதைக் கேளுங்கள்.

கேள்வி: மெஷினுக்குள் கரப்பான் போகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?
– வாசகர், புதுச்சேரி

எந்த மருந்தும் அடிக்காதீர்கள், அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கப் போகிறீர்கள். கதகதப்பும் ஈரமும் இருப்பதால் வருகிறது. பயன்படுத்திய கேப்சூல் விழும் டப்பாவைத் தினமும் இரவு காலி செய்து கழுவிக் கவிழ்த்து வையுங்கள். நம் ஊர் வெக்கையில் இரண்டு மூன்று நாள் விட்டாலே அதில் பூஞ்சை பிடித்துவிடும். தொட்டித் தண்ணீரையும் தினமும் மாற்றுங்கள். சர்க்கரைச் சிந்தல் சுற்றிலும் இருக்கக் கூடாது.

கேள்வி: தினமும் நான்கு அலுமினியக் கேப்சூலைக் குப்பையில் போட மனம் ஒப்பவில்லை.
– வாசகி, ஊட்டி

ஒப்பாததுதான் சரி. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர நிர்வாகம் தன் அலுவலகங்களுக்கு இவற்றை வாங்குவதையே 2016-ல் நிறுத்தியது. கே-கப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் சில்வனே, அதை ஏன் செய்தோம் என்று சில நேரம் வருந்துவதாக 2015-ல் சொன்னார்.

அலுமினியத்துக்கு வழி இருக்கிறது. ஆறியபின் கேப்சூலின் மூடியைக் கத்தரியால் கிழித்து, காபிச் சக்கையைச் செடிக்கோ உரக்குழிக்கோ போடுங்கள். கூட்டைக் கழுவிக் காயவைத்து, நசுக்கிச் சாக்கில் சேருங்கள். ஒன்று சுமார் ஒரு கிராம்தான். ஆயிரம் சேர்ந்தால்தான் ஒரு கிலோ. அலுமினியம் என்று சொல்லிப் பழைய இரும்புக் கடையில் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள். பொடியோடு கொடுத்தால் வாங்க மாட்டார்கள். ‘மக்கும்’ என்று விற்கும் கேப்சூல்களில் பல, 60 டிகிரி சூட்டில் நடக்கும் ஆலை உரக்கிடங்கில்தான் மக்கும். வீட்டுத் தோட்டத்தில் புதைத்தால் அப்படியே கிடக்கும். பெட்டியில் ‘வீட்டு உரக்குழி’ என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: இன்வெர்ட்டரில் ஓடுமா?
– வாசகர், தஞ்சாவூர்

சாதாரண 900 விஏ இன்வெர்ட்டரில் ஓடாது. மெஷின் 1,200 முதல் 1,500 வாட் வரை இழுக்கும். ஓவர்லோடு ஆகி வீட்டு விளக்கும் சேர்ந்து அணையும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அந்த சாக்கெட்டை இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரித்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு மாதம் மகன் வீட்டுக்கு ஜெர்மனி போகிறோம். மெஷினை எப்படி வைத்துவிட்டுப் போவது?
– வாசகி, ஈரோடு

போகும் முன் உப்பு நீக்கி, நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். பிறகு தொட்டியைக் கழற்றிவிட்டு, உள்ளே தங்கிய நீரை வெளியேற்றும் முறையை இயக்குங்கள். கையேட்டில் ‘காலி செய்தல்’ என்ற தலைப்பில் இருக்கும். ஆவியோடு மிச்சத் தண்ணீர் வந்து தானே நின்றுவிடும். தொட்டியையும் தட்டையும் துடைத்துக் காயவைத்து, லீவரைக் கொஞ்சம் திறந்தே வைத்து, பிளக்கைப் பிடுங்கித் துணி போட்டு மூடுங்கள். மீதிக் கேப்சூலை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியதில்லை, அலமாரி போதும். திரும்பி வந்ததும் காபி போடும் முன் ஒரு தொட்டித் தண்ணீர் முழுவதையும் கேப்சூல் போடாமல் ஓட்டிக் கொட்டுங்கள். முதலில் பம்ப் சத்தம் போட்டால் பயப்பட வேண்டாம். மதுரை வாசகருக்குச் சொன்ன முறையில் காற்றை வெளியேற்றுங்கள்.